தி ஹேட்டிங் கேம் படிக்கலாமா? என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

சாலி தோர்ன் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளரின் முதல் நாவல் 'தி ஹேட்டிங் கேம்'. 2016இல் வெளிவந்தது. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்யும் இருவரின் காதல் கதை, கொஞ்சம் சூடான காதல் கதை. எனக்கு மிகவும் பிடித்த நாவல் என்பதால் தோழிகள், கூட வேலை செய்பவர்கள், உறவுக்காரப் பெண்கள் என்று யார் "என்ன படிக்கலாம்?" என்று கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். உடனே வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முடிவைச் சொல்லும் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்ன கதை? சுருக்கமா சொல்லுங்க, முடிவைச் சொல்லிடாதீங்க.

காமின், பெக்ஸ்லி என்று இரண்டு பதிப்பகங்கள். காமின் ஆட்களுக்குப் புத்தகங்கள் மேல் பாசம். பெக்ஸ்லி ஆட்களுக்குக் கணக்குதான் எல்லாம். தொழில் நெருக்கடியில் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். இணைந்த நிறுவனத்துக்கு இரண்டு தலைவர்கள்: காமின் பக்கத்து ஹெலீன், மற்ற பதிப்பகத்தின் பெயரையே கொண்ட பெக்ஸ்லி என்ற மனிதர். ஹெலீனின் உதவியாளர் லூசி ஹட்டன். பெக்ஸ்லியின் உதவியாளர் ஜோஷுவா டெம்பிள்மேன். இருவருக்கும் பத்தாவது மாடியில் ஒரே அறை. அந்த மாடி முழுக்கக் கண்ணாடியும் பளபளப்பும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிராளியின் உருவம் தெரியும்.

லூசி ஸ்ட்ராபெரி தோட்டக்காரர்களின் மகள். ஐந்தடி உயரம். எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று பாடுபடுகிறவள். ஜோஷுவா சிரிக்க மாட்டான். அலுவலகமே அவனைக் கண்டால் ஒதுங்கிப் போகும். யார் முதலில் கண்ணை எடுப்பது என்று ஒரு போட்டி, எதிராளி செய்வதை அப்படியே திருப்பிச் செய்யும் போட்டி, ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் ஹெச்.ஆரிடம் மாற்றி மாற்றிப் புகார் கொடுக்கும் போட்டி என்று இருவருக்கும் நாள் ஓடுகிறது. அப்போது தலைமை இயக்க அதிகாரி என்ற புதுப் பதவி அறிவிக்கப்படுகிறது. யாருக்குக் கிடைத்தாலும் அவர் மற்றவருக்கு மேலதிகாரி ஆகிவிடுவார். கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

நான் இங்கிலீஷ் நாவல் அதிகம் படிச்சதில்ல. எனக்குப் புரியுமா?

புரியும். முழுக் கதையையும் லூசியே தன் வாயால் சொல்கிறாள், அதுவும் கண்ணெதிரே நடப்பதுபோல நிகழ்காலத்தில். பாதிக்கு மேல் உரையாடல்தான். சில கிண்டல்கள் முதலில் பிடிபடாமல் போகலாம். அகராதியைத் தேடாமல் தாண்டிப் போங்கள். அதே கிண்டல் இரண்டு அத்தியாயம் கழித்து இன்னொரு வடிவத்தில் வரும், அப்போது தானாகப் புரியும்.

"ரொம்ப சூடான நாவல்"னு சொல்றாங்களே, உண்மையில எவ்வளவு சூடு? பஸ்ல வச்சுப் படிக்கலாமா?

பெரும்பாலான பக்கங்களைத் தாராளமாகப் படிக்கலாம். நாவல் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே லிஃப்டில் ஒரு முத்தம் வருகிறது. அதற்கப்புறம் பார்வை, சண்டை, பக்கத்தில் நிற்பது, பாதியில் நின்றுபோகும் நெருக்கம், இப்படித்தான் நீள்கிறது. இருவரும் உடலால் சேர்வது நாவலின் கடைசிப் பகுதியில். அதை ஆசிரியர் மறைக்காமல் எழுதியிருக்கிறார், கதவைச் சாத்திவிட்டு மறுநாள் காலைக்குத் தாவவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பக்கங்கள் மொத்தத்தில் குறைவு.

சூடு என்பதைப் படுக்கையறைக் காட்சிகளை எண்ணிப் பார்த்து அளந்தால் இந்த நாவல் மிதமானது என்றுதான் சொல்ல வேண்டும். படிக்கும்போது அப்படித் தோன்றாது. எந்த நேரமும் ஏதோ நடக்கப் போகிறது என்ற பதைப்பு கூடவே வரும்.

அப்போ முக்கால்வாசி வரைக்கும் ஒண்ணுமே நடக்காதா? போரடிக்காதா?

இந்த நாவலை நான் இவ்வளவு நேசிக்க அந்த முக்கால்வாசிதான் காரணம். அதில் நடப்பதெல்லாம் ஒருவர் மற்றவரைக் கவனிப்பது. ஜோஷுவா சட்டைகளை ஒரே வரிசையில்தான் மாற்றி மாற்றிப் போடுவான்: வெள்ளையில் தொடங்கி, கிரீம், வெளிர் மஞ்சள், நீலங்கள் என்று போய்க் கறுப்பில் முடியும், மறுபடி வெள்ளை. இது லூசிக்கு மனப்பாடம். "இவனைப் பிடிக்கவே பிடிக்காது" என்று சொல்கிற ஒருத்திக்கு அவன் நாளைக்கு எந்தச் சட்டையில் வருவான் என்று ஏன் தெரிந்திருக்க வேண்டும்? வாசகருக்கு முதல் சில பக்கங்களிலேயே விஷயம் விளங்கிவிடுகிறது. அவளுக்கு விளங்க இன்னும் நிறைய நாள் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் நமக்குச் சந்தோஷம்.

அப்புறம் பெயின்ட் பால் விளையாட்டு. அலுவலகத்தில் எல்லோரையும் ஓர் அணியாகப் பழக்குவதற்காகக் கூட்டிப் போகிறார்கள். சாயக் குண்டுகள் பறந்து வரும்போது ஜோஷுவா தன் உடம்பைக் குறுக்கே வைத்து அவளை மறைக்கிறான். அன்றே லூசி காய்ச்சலில் விழுகிறாள். அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய், இரவெல்லாம் பக்கத்தில் இருந்து, டாக்டரான தன் அண்ணனையும் வரவழைக்கிறான். வாந்தியும் வியர்வையுமாக அவள் கிடக்கும் அந்த இரவில் கவர்ச்சி என்று சொல்ல எதுவுமில்லை. இருந்தாலும் நாவலிலேயே மிக நெருக்கமான பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். ஒருவர் உடம்பை இன்னொருவர் கவனித்துப் பார்த்துக்கொள்வதும் ஆசையின் ஒரு முகம் என்பதை சாலி தோர்ன் சரியாகப் பிடித்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. தாமதத்தை உண்டாக்குகிறவன் ஜோஷுவா. லூசி ஒரு கட்டத்தில், ஒரே ஒரு தடவை சேர்ந்துவிட்டால் இந்த மயக்கம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறாள். அவன் ஒத்துக்கொள்வதில்லை. அவனுக்கு ஒரு தடவை போதாது. இவள் மறுநாள் வருத்தப்பட்டுவிடுவாளோ என்ற பயமும் இருக்கிறது. ஆண் அவசரப்பட, பெண் தடுக்க என்று எத்தனையோ கதைகள் படித்தாயிற்று. இங்கே தலைகீழாக இருப்பதே படிக்கிறவருக்குப் பெரிய நிம்மதி.

எப்படியும் கடைசியில சேரத்தானே போறாங்க? தெரிஞ்ச முடிவுக்கு எதுக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல படிக்கணும்?

ரொமான்ஸ் என்ற வகையே அந்த வாக்குறுதியின் மேல் நிற்பது. அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்தது: காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். துப்பறியும் நாவலில் கொலையாளி பிடிபடுவான் என்று தெரிந்தே படிக்கிறோம். யாரும் அதைக் குறை சொல்வதில்லை. காதல் நாவலிடம் மட்டும் இந்தக் கேள்வி வருகிறது.

சேருவார்கள் என்று தெரிந்த பிறகு கவனம் முழுக்க எப்படி என்பதில் போகிறது. எந்த வார்த்தையில் இவள் இறங்கி வந்தாள், எந்த இடத்தில் அவன் தன்னைக் காட்டிக்கொண்டான் என்று தேடத் தொடங்குவீர்கள்.

என் பொண்ணுக்குப் பதினாறு வயசு. படிக்கக் கொடுக்கலாமா?

இது பெரியவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம். பதினெட்டு ஆகட்டும். அதற்கு முன்பே அவள் எங்கிருந்தாவது எடுத்துப் படித்துவிட்டால் திட்டாதீர்கள், நீங்களும் படித்துவிட்டு அவளோடு பேசுங்கள்.

ஜோஷுவா ஆரம்பத்துல அவ்வளவு மோசமா நடந்துக்கறான். அவனை எப்படி ஹீரோன்னு ஏத்துக்கறது?

நியாயமான கேள்வி. முதல் சந்திப்பில் லூசி புன்னகையோடு கை நீட்டப் போக, அவன் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அந்த அவமானத்தில்தான் இந்தச் சண்டையே தொடங்குகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது: அவன் அடிப்படையில் கூச்ச சுபாவி. டாக்டர்கள் நிறைந்த குடும்பத்தில் மருத்துவப் படிப்பை விட்டு வந்தவன். அப்பா அவனை மதிப்பதில்லை. அண்ணன் கல்யாணத்துக்கு லூசியைத் துணைக்கு அழைத்துப் போகும்போது இதெல்லாம் வெளிப்படுகிறது. அங்கே அவன் அப்பாவிடம் லூசி நேருக்கு நேராக நின்று அவனுக்காகப் பேசும் இடம் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. எல்லோரையும் திருப்திப்படுத்திப் பழகிய பெண் முதல் முறையாக ஒருவரைப் பகைத்துக்கொள்ளத் துணிகிறாள், அதுவும் தனக்காக இல்லாமல் அவனுக்காக.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாமா என்றால், எனக்குத் தயக்கம் இருக்கிறது. கூச்ச சுபாவம் இருப்பவர் பேசாமல் இருப்பார், பிறரைப் புண்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஜோஷுவா தன் நாட்குறிப்பில் பென்சிலால் சில குறிகள் போட்டு வைக்கிறான். லூசி அன்று என்ன உடுத்தினாள், சிரித்தாளா, சண்டை போட்டாளா என்பதற்கான குறிகள் அவை. நாவல் இதைக் காதலின் அடையாளமாக வைக்கிறது. முன்பு சொன்ன சட்டை வரிசையோடு சேர்த்துப் பார்த்தால் இருவரும் ஒரே நோயில்தான் இருந்திருக்கிறார்கள், அதனால் எனக்கு அது இனித்தது. ஆனால் ஒரு தோழி அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். தன்னைப் பற்றி ஒருவன் இப்படிக் குறித்து வைத்திருந்தால் பயந்துபோயிருப்பேன் என்றாள். அவள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

அவன் மனசுல என்ன ஓடுதுன்னு ஒரு அத்தியாயமாவது வேண்டாமா?

வேண்டாம். அவன் உள்ளே என்ன நினைக்கிறான் என்று தெரிந்துவிட்டால் கவனித்துக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு இருக்காது. நாவலின் பலமே அதுதான் என்று மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன்.

உங்களுக்குப் பிடிக்காதது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. முதலாவது, உடம்பைப் பற்றிய பேச்சு. அவன் எவ்வளவு உயரம், இவள் எவ்வளவு குட்டி என்பதை ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு கட்டத்தில் லூசியைக் கைக்குழந்தைபோல நடத்துவதாகத் தோன்றிவிடுகிறது. பெக்ஸ்லி பருமனானவர் என்பதை வைத்து வரும் கேலிகள் எனக்குச் சிரிப்பைத் தரவில்லை. அந்த மனிதரை வெறுக்க அவர் நடத்தையே போதும்.

இரண்டாவது, டேனி என்ற வடிவமைப்பாளர். நல்லவன், லூசியோடு பழகிப் பார்க்க ஆசைப்படுகிறான். அவனை ஜோஷுவாவின் பொறாமையைத் தூண்ட மட்டும் பயன்படுத்திக்கொள்கிறார் ஆசிரியர். ஜோஷுவாவின் பொறாமையை நாவல் ரசிக்கும் அளவுக்கு என்னால் ரசிக்க முடியவில்லை. லூசியின் தனிமையும் அப்படித்தான். நிறுவன இணைப்பின்போது நெருங்கிய தோழியின் நட்பு முறிந்துபோனது என்று ஒரு நல்ல இழை இருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் பின்தொடர்ந்திருந்தால் அவள் ஏன் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கத் தவிக்கிறாள் என்பது ஆழமாக வந்திருக்கும்.

மூன்றாவது ஹெச்.ஆர். புகார்கள். அதைத் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

படம் பார்த்தாச்சு. புத்தகமும் படிக்கணுமா?

2021இல் வந்த படம், லூசி ஹேலும் ஆஸ்டின் ஸ்டோவெல்லும் நடித்தது. பார்க்க இனிமையான படம்தான். லூசியின் மனதுக்குள் ஓடும் பேச்சு படத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது, அது இல்லாமல் இந்தக் கதையில் பாதி காணாமல் போகிறது. புத்தகம் படியுங்கள்.

நான் ரமணிசந்திரன் படிச்சு வளர்ந்தவ. எனக்கு இது ஒத்துவருமா?

நானும் அப்படி வளர்ந்தவள்தான். கோபக்கார நாயகன், மனதில் ஆசை, வாயில் கடுஞ்சொல், தவறான புரிதல், கடைசியில் எல்லாம் தெளிவது: இந்த வழி உங்களுக்கு நன்றாகப் பழகியது. அந்த அளவில் உடனே ஒட்டிக்கொள்வீர்கள். அங்கே குடும்பமும் கல்யாணமும் கதையைச் சுற்றி வேலி மாதிரி நிற்கும். இங்கே கல்யாணத்துக்கு முன்பே உடல் நெருக்கம் வருகிறது, அதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. லூசியின் பெற்றோர் தூரத்தில் இருக்கிறார்கள், முடிவெல்லாம் அவளுடையது.

எனக்குப் பெரிதாகப் பட்ட வித்தியாசம் வேலை. லூசிக்கு வேலை என்பது காதலனைச் சந்திக்கும் இடம் மட்டுமில்லை. பதிப்பகத்தில் வேலை செய்வது அவள் கனவு. பழைய புத்தகங்களை மின்னூலாக்கும் திட்டத்தைத் தயார் செய்து நேர்காணலுக்குப் போக உழைக்கிறாள். காதல் ஜெயிக்க வேண்டும் என்று படிக்கும் அதே நேரத்தில் பதவியும் இவளுக்கே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வீர்கள்.

இந்த மாதிரி நாவல் படிக்கிறதை வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு. உங்களுக்கு இல்லையா?

இல்லை. பெண்ணின் ஆசையைப் பெண்ணே எழுதி, பெண்களே அதிகம் வாசிக்கும் எழுத்து இது. கொலை நடக்கும் நாவலை மேசை மேல் வைக்கிறோம், முத்தம் நடக்கும் நாவலுக்கு அட்டை போடுகிறோம். அட்டை போட்டுத்தான் படிக்க முடியும் என்ற வீட்டில் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. மனதுக்குள் மட்டும் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஒரே ஆபீஸ், ஒரே ரூம், லிஃப்ட்ல முத்தம். நிஜத்துல இது பாலியல் தொல்லைன்னு ஆகாதா?

அலுவலகக் காதல் கதை எதையும் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்பதை. முதலாளி நாயகன், உதவியாளர் நாயகி என்பது இந்த வகையில் மிகப் பழைய ஏற்பாடு. அங்கே அவள் "சரி" என்று சொன்னாலும் அது விருப்பமா, வேலை போய்விடும் என்ற பயமா என்று எப்படிப் பிரிப்பது? சாலி தோர்ன் இருவரையும் ஒரே பதவியில், ஒரே அறையில், ஒரே அதிகாரத்தில் வைத்தார். அதனால்தான் லூசி அவனுக்கு ஈடாக அடிக்க முடிகிறது. இந்த நாவலை நான் தைரியமாகப் பிறருக்குச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

லிஃப்ட் காட்சி கொஞ்சம் நெருடும். அவன்தான் லிஃப்டை நிறுத்துகிறான், அவள் வெளியேற வழியில்லாத இடம். லூசியின் மனதுக்குள் நாம் இருப்பதால் அவளுக்கும் அதில் விருப்பம் என்று நமக்குத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தில் பெண்ணுக்கு விருப்பமில்லாத பாலியல் நடத்தையைத்தான் தொல்லை என்கிறது. இருவரும் மனமொத்துக் காதலிப்பதை அது தடுக்கவில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், பெண் அதிகாரி அதற்குத் தலைமை தாங்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நாவலில் நாயகியின் மனதைப் படிக்கும் வசதி நமக்கு உண்டு. அலுவலகத்தில் யாருக்கும் அந்த வசதி கிடையாது, அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெச்.ஆர். புகாரை இருவரும் விளையாட்டாக்குவது எனக்குப் பிடிக்காத இடம் என்று முன்பே சொன்னேன். காரணம் இதுதான். உண்மையில் புகார் எழுதும் பெண்ணுக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு கனமானது என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சிரிப்பு வரவழைப்பது வலிக்கிறது.

சரி, அந்தப் பதவி விஷயத்தை எப்படி முடிக்கிறாங்க? முடிவு தெரிஞ்சாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

படிக்கப் போகிறவர்கள் இங்கே நின்றுவிடுங்கள்.

ஜோஷுவா ராஜினாமா செய்துவிட்டு வேறொரு நிறுவனத்தில் வேலை தேடிக்கொள்கிறான். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி ஆனால் இந்த உறவு நிற்காது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே போட்டியிலிருந்தே விலகுகிறான். மேலே சொன்ன சம அதிகாரத்தைக் காப்பாற்ற இதைவிட நேரான வழி இல்லை. காதலுக்காக வேலையை விடுகிறவர் ஆணாக இருப்பதும் எனக்குப் பெரிய விஷயம். நான் பார்த்த அலுவலகங்களில் இரண்டு பேரில் ஒருவர் விலக வேண்டும் என்றால் எப்போதும் பெண்தான் விலகியிருக்கிறாள்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. இந்த முடிவை அவன் தனியாக எடுக்கிறான், லூசியைக் கேட்கவில்லை. அவளோ அவனை நேருக்கு நேர் போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும் என்றுதான் இராப்பகலாக உழைத்தாள். அவன் வழிவிட்டது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் களத்தில் இருந்திருந்தாலும் இவள் ஜெயித்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். நேர்காணல் அறைக்குள் இருவரும் அடுத்தடுத்துப் போய் வரும் ஓர் அத்தியாயத்தை சாலி தோர்ன் எழுதியிருக்கலாம்.